துடக்கு வீட்டிலிருந்து ஓபராவுக்கு

எங்கள் வீட்டில் சின்ன மாமாவுக்கு இருந்த ஒரேயொரு கெட்ட பழக்கம் ஓபரா. குடி இல்லை, சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. இதற்கு அவையே பரவாயில்லை என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தம்பி குடிக்கிறான் என்றால் நாலு பேரிடம் யோசனை கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமையானால் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரி பாடுவதைக் கேட்கப் போகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கனடாவில், வெக்ஸ்போர்டில் எங்கள் அப்பார்ட்மெண்டில் எங்களோடுதான் இருந்தார். கிழமை நாட்களில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். மற்ற நேரத்தில் ஓபரா, பாலே, சிம்பொனி என்று நகரத்தில் எது நடந்தாலும் கூரைக்குக் கிட்ட ஓர் இருக்கை பிடித்துவிடுவார். பத்து வயதில் நான் அவருக்கு வால். பாலேயைவிட எனக்கு ஓபராவைத்தான் பிடிக்கும். அங்கே சாகப்போகிறவர்கள் அவசரப்படாமல், பத்து நிமிடம் பாடிவிட்டுத்தான் செத்தார்கள்.

பாட்டின் நடுவில் கை தட்டக் கூடாது, இருமக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது என்று மாமா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். ஊரில் கோயில் கச்சேரிகளில் தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பழகியவர் அவர். முதல் தடவை இங்கேயும் அப்படித் தட்டியிருக்கிறார். பக்கத்துக் கதிரைப் பெண்மணி பார்த்த பார்வையில் கையை எடுத்தவர், பிறகு சப்பாத்துக்குள் கால் பெருவிரலால் தாளம் போடத் தொடங்கினார். “ஒருத்தருக்கும் தெரியாது, பாத்தியா?” என்று எனக்கு மட்டும் காட்டுவார். அந்த மண்டபத்தில் சத்தம் போடுவதைவிடப் பெரிய குற்றம் உலகத்தில் இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தப் பனிக்காலத்தில், ஊரில் இருந்த பெரிய மாமா, அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் மூத்த அண்ணன், சண்டையில் ஷெல் விழுந்து செத்துப்போனார். செய்தி வந்து சேர ஒரு கிழமை எடுத்தது. அதற்குள் யாரோ எரித்தும்விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, பாட்டு இல்லை, தொலைக்காட்சிக்கு மேல் ஒரு துணி. அம்மா நிலத்தில் விழுந்து அழுதார். துக்கம் விசாரிக்க வந்த சனமும் அழுதது. சின்ன மாமா மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், வாசலில் கிடந்த சப்பாத்துகளைச் சோடி சேர்த்து அடுக்கினார். அவரைக் கனடாவுக்கு அனுப்பி வைத்ததே பெரிய மாமாதான் என்பதால் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். சரியான கல்நெஞ்சன் என்று ஓர் அன்ரி குசினிக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அதன் பிறகு அம்மா மாமாவுக்குச் சோறு போடும்போது அவரைப் பார்ப்பதில்லை.

மூன்றாம் கிழமை, ஞாயிறு மத்தியானம், மாமா என்னை லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். சப்வேயில் ஏறிய பிறகுதான் ரிக்கெற்றுகளைக் காட்டினார். எப்போதோ வாங்கி வைத்தவை. “அம்மாட்டச் சொல்லிப்போடாதை” என்றார். நான் ஏன் சொல்லப்போகிறேன்? அந்த அழுகை வீட்டிலிருந்து தப்பியதே எனக்குப் பெரிய சந்தோசம். இன்றைக்கு அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோசம்தான்.

கதை மெதுவாகப் போனது. மாமாவின் சப்பாத்து அசையவே இல்லை. கடைசி அங்கத்தில், போரில் செத்த ஒருவனை நாலு பேர் பலகையில் தூக்கிவந்து அவன் வீட்டு வாசலில் வைத்தார்கள். அவனுடைய தம்பி முழங்காலில் நின்று துணியை விலக்கி, முகத்தைப் பார்த்துப் பாடத் தொடங்கினான். அப்போது மாமாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கைலேஞ்சியால் வாயைப் பொத்திப் பார்த்தார். நிற்கவில்லை. “அண்ணை, அண்ணை” என்று தமிழிலேயே வாய்விட்டு அழுதார். முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரிக்கெற் கிழிக்கும் பெண் டோர்ச்சோடு வந்து எங்களை வெளியே கூட்டிப்போனாள். யாரும் இல்லாத மாடிப்படியில் குந்தியிருந்து மாமா மிச்சத்தையும் அழுது முடித்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வந்தோம். கோட்டுகளை வாங்கி வைக்கும் இடத்தில் எங்களைத் தெரிந்த ஒரு தமிழ் அண்ணை வேலை செய்தார். கோட்டைக் கொடுக்கும்போது, “உங்கட வீடு துடக்கெல்லோ?” என்று கேட்டார். மாமா “ஓம்” என்றார்.

பெரிய மாமாவின் செய்தி வர ஒரு கிழமை எடுத்தது. இந்தச் செய்தி இரண்டே நாளில் அம்மாவிடம் வந்துவிட்டது.

“அண்ணை செத்து முப்பத்தொண்டு முடியேல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் கூத்துப் பாக்கப் போயிருக்கிறான்” என்றார் அம்மா. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரே சொல்லியிருக்கலாம். ஆனால் அழுததைச் சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை அவர்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பிள்ளை. அங்க போய் என்ன செய்தவன்?” அந்தக் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் கூட இருந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் மட்டும்தான் கேட்டது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் மாமா சத்தம் போட்டதும், எங்களை எழுப்பி வெளியே விட்டதும் தெரிந்தால் அம்மா அவரை என்ன செய்வாரோ என்று பயந்தேன்.

“ஒண்டும் செய்யேல்லை அம்மா. பேசாம இருந்து பாட்டுக் கேட்டவர்.”

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நில்லென்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை ஒஷாவாவிலிருந்து ஒரு கூட்டாளி காரோடு வந்தார். மாமா இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்ற என் தலையைத் தடவினார். அவருடைய மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து, நான் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன்.