பக்கத்து வீட்டுச் சாட்சி

நான் பொய்ச்சாட்சி சொன்னவள். ஊரே கூடியிருக்க, அடிபட்டவள் கண்ணெதிரே நிற்க, வாய் கூசாமல் சொன்னேன்.

செல்வி என் பக்கத்து வீட்டுக்காரி. திருவொற்றியூர் குப்பத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் கணவன் விசைப்படகு டிரைவர். யாரைக் கடலுக்கு ஏற்றிப் போவது, யாரைக் கரையில் விடுவது என்பதெல்லாம் அவன் சொல்தான். அவன் படகில்தான் என் கணவர் வலை இழுத்தார். காரணம் உங்களுக்கு இப்போதே புரிந்திருக்குமே!

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. செல்வி இறால் கம்பெனிக்குத் தோலுரிக்கப் போனாள். அதில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. "பொண்டாட்டி சோத்தத் துன்றவன்னு ஊரே சிரிக்குதுடி!" என்று குடிபோதையில் கத்திக்கொண்டே சோற்றுத் தட்டால் அடித்தான். அவள் நெற்றி பிளந்தது. வாசலில் நின்று பார்த்தேன்... முழுக்கப் பார்த்தேன்.

மகளை அழைத்துக்கொண்டு தனியே போய்விடுகிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டாள் செல்வி. சாட்சி உண்டா என்றார்கள். என்னைக் கைகாட்டினாள்.

"இன்னாம்மா, நீ இன்னா பாத்த?" என்றார் ஊர்த் தலைவர்.

"படியில வழுக்கி வுழுந்துட்டா நைனா."

"அக்கா..." என்றாள் செல்வி. அவளை அவனோடேயே திருப்பி அனுப்பினார்கள். தடை முடிந்ததும் என் கணவர் படகேறினார். அவர் கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்து ருசித்துச் சாப்பிட்டேன்! நானெல்லாம் என்ன பிறவி?

குடிதான் காரணம் என்பீர்கள். வேலையில்லாக் கொடுமை என்பார்கள் படித்தவர்கள். இருக்கட்டும். அவன் கையை ஓங்க வைத்தது எதுவோ... அந்தக் கைக்குத் துணிச்சல் கொடுத்தவள் நான்தானே?

இந்த வருடத் தடைக்காலத்தில் நானும் இறால் உரிக்கப் போனேன். என் கணவர் ஒரு சொட்டுக் குடிக்காதவர். அவரும் அடித்தார்!

சத்தம் கேட்டு ஓடி வந்தவள் செல்விதான். குறுக்கே நின்று, "நான் பாத்துட்டேன்! எங்க வேணா வந்து சொல்லுவேன்!" என்று அவரிடம் கத்தினாள்.

விவகாரம் ஊருக்குப் போனால் பழைய அடியும் கிளறப்படும்; அப்புறம் அவள் கணவன் என்னவரைப் படகில் ஏற்றுவானா? ரத்தம் கசியும் வாயோடு நான் கணக்குப் போட்டேன்... அப்போதும்!

"எங்க வூட்டு விஷயம் உனக்கு இன்னாத்துக்கு? போடி!" என்றேன்.

அவள் போனாள். கதவைத் தாழிட்டது நான்தான்... அவரை உள்ளே வைத்துக்கொண்டு.