வெளியே தைத்த ரவிக்கை

எங்கள் அம்மா சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. அவர் வயதுப் பெண்கள் யாருமே போட்டதில்லை. சீலையை இழுத்துச் சுற்றிச் செருகினால் வேலை முடிந்தது. "மேல ஒரு சீலையச் சுத்திக்கிட்டு உள்ள ஒரு பையையும் மாட்டிக்கிட்டு எதுக்கு இப்படி அவியறீங்க" என்று சின்ன வயதுப் பெண்களைப் பார்த்துக் கேட்பார். மோகனூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நின்று யோசித்தால் அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் என் தங்கைக்கு ரவிக்கை இல்லாமல் ஆகாது. வலது தோளிலிருந்து அக்குள் வரைக்கும் அவளுக்குத் தோல் வெந்து, சுருங்கி, இழுத்துக்கொண்டு கிடந்தது.

அது நான் செய்த காரியம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை, அந்த ஒரு விஷயத்தைத் தவிர.

எங்களுக்குக் கரும்பு வயல் உண்டு. தை மாதம் தோட்டத்திலேயே கரும்பாலை போட்டு வெல்லம் காய்ச்சுவார்கள். எனக்குப் பதினாலு வயது, அவளுக்கு ஏழு. கொப்பரைப் பக்கம் சின்னவளை விடாதே என்று அம்மா என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவளோ கையில் ஒரு கரும்புத் துண்டை வைத்துக்கொண்டு, பாகில் தொட்டுத் தின்ன வேண்டும் என்று ஒரே அடம். நானும் வா வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கையைப் பிடித்து இழுத்தேன், அவள் திமிறினாள், போ சனியனே என்று தள்ளிவிட்டேன். பின்னால் ஓர் ஆள் பாகை அகப்பையில் மொண்டு திரும்பிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் அதன்மேல் போய் விழுந்தாள். வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு அப்படியே ஒட்டிக்கொண்டது. எல்லோரும் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, "தடுக்கி உழுந்துட்டா" என்று சொன்னேன். ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. அவள் மூன்று வாரம் சுரத்தில் கிடந்து பிழைத்து எழுந்தாள். அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னக் குழந்தை, மறந்திருப்பாள் என்று நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

என்னைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அஸ்தம்பட்டியில் ஓர் ஆபீசில் எழுத்து வேலை. எதிர் வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். மிஷின் இல்லாமல் ஊசியாலேயே ரவிக்கை தைக்க அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அளவெடுப்பது, காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது, துணியை முதலில் நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரி வைப்பது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். எனக்கும் கை படிந்துவிட்டது.

யுத்த காலத்தில் ஒரு பங்குனியில் அப்பாவிடமிருந்து கடுதாசி வந்தது. தங்கைக்கு ஓர் இடம் பேசியிருக்கிறது, திருச்செங்கோட்டுப் பக்கம், நல்ல குடும்பம், சித்திரை கடைசியில் பெண் பார்க்க வருகிறார்கள், நீ வந்து கூட இரு என்று எழுதியிருந்தார். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ராசிபுரம் வழியாக நாமக்கல் வந்து, அங்கிருந்து வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தேன். அன்றே அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவளுக்கு ஒரு ரவிக்கை தெச்சுக் குடு. கழுத்து ஏத்தமா இருக்கோணும். கை முழங்கை வரைக்கும் வரட்டும். ஒண்ணும் வெளிய தெரியக்கூடாது."

"தெரிஞ்சா என்னங்கப்பா?"

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் தெரிஞ்சாத் தெரியட்டும்."

அது பொய்யில் முடிகிற பேச்சு என்று எனக்குப் பட்டது. மற்ற விஷயமாக இருந்தால் அவரிடம் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேன். ஊரில் யாரிடமும் வாய் கொடுத்துத் தோற்றவளில்லை நான். ஆனால் பொய்யைப் பற்றிப் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது? சரி என்று மட்டும் சொன்னேன்.

வெந்த தோல் வியர்க்காது என்பது அந்தப் பங்குனி வெயிலில்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வியர்த்துக் கொட்டும்போது அந்த இடம் மட்டும் காய்ந்து சிவந்து அனலாகக் கொதிக்கும். அவள் அதுவரை போட்டுக்கொண்டிருந்தது சந்தையில் உட்கார்ந்து தைக்கிறவன் தைத்த மில் துணி ரவிக்கை. தோள் தையல் சரியாகத் தழும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மத்தியானம் வேலை முடிந்து வந்ததும் உள் அறைக்குப் போய் அதைக் கழற்றிவிட்டு, முறத்தை எடுத்துத் தோளில் விசிறிக்கொள்வாள். கதவிடுக்கில் அதைப் பார்த்தேன்.

நல்ல தறித்துணியாக இரண்டு கெஜம் அப்பா எங்கேயோ தேடி வாங்கி வந்தார். துணிப் பஞ்ச காலத்தில் அது கிடைத்ததே பெரிது. நான் அதைத் தண்ணீரில் போடப் போனபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோடித் துணியை யாராச்சும் நனைப்பாங்களா? மஞ்சத் தடவிச் சாமிகிட்ட வெச்சு, ஒருக்காப் போட்டுட்டுத்தான் தண்ணி காட்டோணும். அதுவும் கல்யாணப் பேச்சு நடக்கற பொண்ணுக்கு."

எங்களில் அது வழக்கம். புதுத்துணியின் மூலையில் மஞ்சள் வைக்காமல், ஒரு தரம் உடுத்தாமல், யாரும் நனைக்க மாட்டார்கள். டீச்சரம்மா சொன்னது எனக்கு நினைவில் இருக்கத்தான் இருந்தது. ஆனாலும் கல்யாணக் காரியம், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். எனக்கே உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. மஞ்சள் வைத்த துணியை நனைக்காமலே வெட்டினேன்.

ஆறு நாள் உட்கார்ந்து, எறும்பு ஊர்ந்தாற்போலப் பொடித் தையலாகத் தைத்தேன். சித்திரை முதல் நாள் போட்டுக்கொண்டாள். அளவு அப்படியே உட்கார்ந்தது. கழுத்து அழகாக நின்றது, கை முழங்கைவரை வந்தது. அவள் உடம்புக்கு அப்படி ஓர் எடுப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. அம்மாகூட வாயைத் திறந்து "நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

மறுநாள் துவைத்துக் காயப்போட்டாள். நெய்வதற்கு முன் நூலுக்குப் போட்ட கஞ்சியெல்லாம் போய், துணி சுருங்கியது. பார்த்தால் தெரியாது. அக்குளில் இரண்டு விரல் அகலம் போயிருந்தது, அவ்வளவுதான். உடம்புக்குப் பழகட்டும் என்று அவள் அதைப் போட்டுக்கொண்டு நாலு நாள் தோட்டத்துக்குப் போய் வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், வலது கையை உடம்போடு ஒட்டாமல் தள்ளி வைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன்.

"கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"இங்க வா."

சீலையை விலக்கிப் பார்த்தேன். அக்குள் தையல் ஓரமாக ரவிக்கை நனைந்து மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. நடுவில் சிவப்பு. துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தது, உரிக்க முடியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி, கத்தரியால் என் தையலை நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சாதாரணமாக வரவில்லை. தேம்பித் தேம்பி, மூக்கு ஒழுக அழுதேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? அறுக்குதுன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று அழுகையோடேயே திட்டினேன்.

"ஆறு நாளு குனிஞ்ச தலை நிமிராமத் தெச்சீங்க. சொல்ல மனசு வரலீங்க்கா" என்றாள். அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புண் காயப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் நான் இன்னொன்று தைத்தேன். இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்கவில்லை. அப்பாவின் பழைய வேட்டி ஒன்று, எத்தனையோ தரம் துவைத்துத் துவைத்துப் பிள்ளைத்துணிபோல் மெத்தென்று ஆகியிருந்தது. அதை மஞ்சள் நீரில் முக்கிக் காயவைத்து எடுத்தேன். தோளில் தையலே வரக்கூடாது என்று முன்னும் பின்னும் ஒரே துணியாக மடித்து வெட்டினேன். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தாராளமாக விட்டேன். தையல் மடிப்பு ஒன்றுகூட உள்ளே போகாமல், எல்லாவற்றையும் வெளிப்பக்கமாகத் திருப்பினேன். அது பார்க்க அசிங்கமாகத் தெரியாதிருக்க, அம்மாவின் கிழிந்த சீலையிலிருந்து சிவப்புக் கரையைக் கிழித்து, மடிப்பின்மேல் பட்டையாக வைத்துத் தைத்தேன். முன்னால் முடிச்சு.

"பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்குப் பழந்துணியா?" என்றார் அம்மா.

"ஆமா. பழந்துணிதான்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா வந்து, இதென்ன உள்வெளியாகத் தைத்திருக்கிறாய் என்றார். நான் ரவிக்கையை மடித்து வைத்தேன்.

தங்கை அதைப் போட்டுக்கொண்டு கையை முன்னால் நீட்டினாள், மடக்கினாள், மெதுவாக மேலே தூக்கிப் பார்த்தாள். "தோளு இருக்கறதே தெரியலீங்க்கா" என்றாள். மஞ்சள் ரவிக்கையில் சிவப்புப் பட்டை ஓடி, அவள் நிறத்துக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது. கண்ணாடியை வாங்கி இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அவர்கள் வந்தார்கள். ஆண்கள் வெளியே வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மட்டும் உள்ளே வந்தார். உயரமான அம்மாள். அவரும் எங்கள் அம்மா மாதிரிதான், ரவிக்கை போடாதவர். தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கை காலெல்லாம் பார்த்தார். பிறகு தோளருகே அந்தச் சிவப்புப் பட்டையைத் தடவினார். கீழே இருந்த மடிப்பு விரலில் பட்டிருக்க வேண்டும்.

"ஏனம்மிணி, தையல வெளிய வெச்சிருக்குது?"

அம்மா என்னைப் பார்த்தார். புது மாதிரி, சேலத்தில் இப்படித்தான் தைக்கிறார்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் தங்கை சொல்லிவிட்டாள்.

"உள்ள தோலு வெந்துபோயிருக்குதுங்க. தையலு பட்டா அறுக்குமுங்க."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாள் பட்டையிலிருந்து விரலை எடுத்தார். "பார்க்கலாமா சாமி?" என்றார். தங்கை தானே முடிச்சை அவிழ்த்துத் தோளைக் காட்டினாள்.

"எப்படி ஆச்சு?"

"கரும்பாலையில தடுக்கி உழுந்துட்டனுங்க."

நான் சொன்ன அதே வார்த்தை. இல்லை, நான்தான் தள்ளினேன் என்று சொல்ல எனக்கு அங்கே ஒரு வினாடி போதும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் ரவிக்கையை இழுத்து மூடி, தன் கையாலேயே முடிச்சைப் போட்டார். "எங்கூட்டுல ஒருத்தரும் ரவிக்கை போடறதில்ல. நீ போட்டுக்க கண்ணு, ஆரும் கேக்க மாட்டாங்க. மறைக்காமச் சொன்னே பாரு, அது போதும்" என்றார். அப்புறம், "தெச்சது ஆரு?" என்று கேட்டார்.

"எங்கக்காங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "கூடப்பொறந்தவன்னா இப்படி இருக்கோணும்" என்றார்.

அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். வண்டி போனதும் அப்பா சிரித்த முகமாக உள்ளே வந்து, என் ரவிக்கையால்தான் காரியம் பலித்தது என்று சொன்னார். நான் எழுந்து உள் அறைக்குப் போனேன். தங்கை ரவிக்கையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

என்ன என்று அவள் கேட்கவில்லை. "இருக்குதுங்க்கா. நீங்க தள்ளுனீங்க" என்றாள்.

"அப்புறம் ஏன் இத்தனை வருசமாச் சொல்லலே?"

"எனக்கு ஏழு வயசுங்க்கா. நான் தடுக்கி உழுந்துட்டேன்னு நீங்க சொன்னீங்க. அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்க தள்ளுன மாதிரி இருக்கறது என்னோட நெனப்புல ஏதோ தப்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்குத் தையலப் பிரிக்கறப்போ அழுதீங்கள்ல, அப்பத்தான். ஒரு ரவிக்கைக்கு ஆரும் அப்படி அழுக மாட்டாங்க."