பேட்டரி கழற்றிய வண்டி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே உங்கள் கட்சிதான். பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவி செத்துப்போன புதிதில் வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள்: நடமாட்டம் தெரியும், அவள் சோப்பு வாசனை வரும், பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒன்றரை வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒரு இழவும் வரவில்லை. பேய் வர ராத்திரி வேண்டுமாம், அது வேறு. இது பட்டப்பகலில், என் ஒர்க்ஷாப்பில் நடந்தது.

பழைய வண்டிகளின் எஞ்சின் ஏன் கெட்டது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். அன்று நின்றது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, அறுபது வயது. அதை ஓட்டிய பெண் இறந்து நாலு மாதம். இழுப்பு நோய்க்காரி. ஒரு ராத்திரி மூச்சு முட்டியிருக்கிறது. புருஷன் வெளியூர், அவள் போனையும் 'மறந்து' எடுத்துப் போயிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை எடுத்திருக்கிறாள். கிளம்பவில்லை. விடிந்து பார்த்தபோது டிரைவர் சீட்டில் இருந்தாள். கை சாவியில்.

வண்டியை எனக்கு அனுப்பியது அவள் அண்ணன். புருஷன் ஏதோ செய்திருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். அது தெரிந்து, புருஷன் காலையிலேயே என்னிடம் வந்துவிட்டான். முதலில் சென்ட் வாசனை உள்ளே வந்து உட்கார்ந்தது, அப்புறம் அவன். அரை மணி நேரம் பேசினான். செத்தவள் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"பொம்பளைக்கு எதுக்கு சார் இந்த வண்டி? சோக்கை இழுத்தா விடவே மாட்டா. பெட்ரோல்ல மூழ்கடிச்சுட்டா. மச்சான்கிட்ட அதைச் சொல்லிடுங்க, மனுஷன் அடங்கிடுவாரு."

சோக் என்பது குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் குமிழ். இழுத்தே வைத்திருந்தால் எஞ்சின் மூழ்கும். ஆளைத்தான் பிடிக்கவில்லை, சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியது, பெட்ரோல் நாற்றம். ப்ளக்குகள் கரி அப்பிக் கிடந்தன. ப்ளக் துளைகளில் கம்பி விட்டு பிஸ்டன் உயரம் அளந்தேன். மூன்றாவது மட்டும் நகக்கண் அளவு குட்டை. காற்று நசுங்கும், பெட்ரோல் நசுங்காது. மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் தேங்கி நின்றிருக்கிறது. எஞ்சினுக்கு ஒரு கணம் உயிர் வந்திருக்கிறது. அந்தக் கணத்தில் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு, கனெக்டிங் ராட், வளைந்துவிட்டது.

சோக்தான். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

அதற்கு முன் சோக் குமிழை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். சுலபமாக வந்தது. போனை எடுத்துக்கொண்டு திரும்பினேன். குமிழ் உள்ளே போயிருந்தது.

மறுபடி இழுத்தேன். என் கண் முன்னாலேயே உள்ளே போனது. ஸ்பிரிங் இழுக்கிற வேகம் இல்லை. ஒரு விரல் தள்ளுகிற நிதானம்...

மத்தியானம் மணி மூன்று பத்து. பின் சக்கரத்துப் பக்கம் சத்தம்.

டக்... டக்... டக்...

பெட்ரோல் பம்ப். சாவி போட்டதும் அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும்.

பேட்டரி பெஞ்சின் மேல் இருந்தது. நான்தான் கழற்றி வைத்தேன்.

டக்... டக்... டக்...

நிற்கவில்லை.

கார்புரேட்டர் வால்வு மூடாவிட்டால்... அது நிற்கவே நிற்காது.

கார்புரேட்டர் மூடியைத் திறந்தேன். விளிம்பு வரை பெட்ரோல். வழிந்து முழங்கை வரை ஓடியது. மிதவையைத் தூக்கிப் பார்த்தேன். வால்வைத் தள்ளி மூட வேண்டிய அதன் பித்தளை நாக்கு மடக்கப்பட்டிருந்தது. அதன்மேல் குறடு கடித்த பல் தடம்.

"தெரிஞ்சுது," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது.

சத்தம் நின்றது.

அண்ணன் உடனே வந்தார். தடத்தைக் காட்டினேன்.

"அவ சோக்கைத் தொடவே மாட்டா, தம்பி. ஓட்டக் கத்துக் குடுத்தவனே நான்தான்."

வால்வு மேல் எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டார். பம்ப் நிற்காமல் அடித்ததைச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்தப் பம்ப்பு?"

லாரியில் ஏற்றும்போது தீப்பிடிக்கக் கூடாது என்று டேங்கைக் காலி செய்துவிட்டாராம். பம்பைக் கழற்றித் தன் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறாராம்.

இருவரும் குனிந்து பார்த்தோம். பின் சக்கரத்துக்கு மேல் வெறும் இரும்புப் பட்டை. குழாய் வாய் இரண்டிலும் துணி அடைத்திருந்தது. துணி காய்ந்து கிடந்தது.

என் சட்டைக் கையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

மிதவையோடு அவர் போலீசுக்குப் போனார். புருஷனை மறுநாளே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். சென்ட் வாசனையோடு.

நான் வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் படுத்தேன். எவன் பெண்டாட்டியோ வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே இன்னும் ஒரு சத்தமும் இல்லை.