இரண்டு நாளில் கம்பெனி தொடங்கப் போனோம், நடை சாத்தியிருந்தது

என் வலைப்பதிவில் கோவில் பயணக் குறிப்புகளைப் படிப்பவர்கள் கீழே கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நடை எப்போது திறப்பார்கள்?" நான் பதில் போடுவதற்குள் அவர்கள் போய்விட்டுத் திரும்பியே வந்திருப்பார்கள். இதை எங்கள் மாடி வீட்டு வித்யாவிடம் சொன்னேன். அவளுக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை.

"அக்கா, கோவில் பேரை எஸ்.எம்.எஸ். பண்ணா நேரம் திரும்பி வரணும். இதான் ஐடியா!" என்று குதித்தாள்.

மாமல்லபுரத்தில் ஒரு போட்டியாம். சனி, ஞாயிறு இரண்டே நாளில் ஒரு கம்பெனியைத் தொடங்கிக் காட்ட வேண்டுமாம். ஜெயித்தால் மூன்று மாதம் இலவசமாக அலுவலக இடம். இடம் கிடைத்தால் வேலையை விடு, இல்லாவிட்டால் பேசாமல் ஆபீஸ் போ என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அதனால் 2009 ஆகஸ்டில், சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு, நானும் கம்பெனி தொடங்கக் கிளம்பினேன்.

கூடுவாஞ்சேரியில் காலை 6.10 மின்சார ரயில். செங்கல்பட்டுக்கு அரை மணி நேரம், ஏழு ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ், சுமார் முப்பது கிலோமீட்டர், பதினான்கு ரூபாய். ஜன்னலிலிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

போட்டி நடந்த ஓட்டல் கூடத்தில் ஏ.சி. குளிர் தாங்கவில்லை (போர்வை எடுத்துப் போங்கள்). ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேச வேண்டும். நான் பேசி முடித்ததும் பலகையில் என் பெயருக்குக் கீழே மஞ்சள் சீட்டுகளாக ஒட்டினார்கள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அது ஓட்டாம்! செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் நசீரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்.

"எங்க பள்ளிவாசல்ல அஞ்சு வேளைக்கும் போர்டு போட்டுகீது. உங்க கோயில்ல இன்னாக்கா பேஜாரு?" என்று கேட்டார்.

வழிகாட்ட வந்த ஒருவர், இங்கே உட்கார்ந்து யோசிக்காதீர்கள், போய் வாடிக்கையாளரைக் கேளுங்கள் என்று விரட்டினார். உடனே ஆட்டோ பிடித்து, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு சின்னப் பெருமாள் கோவிலுக்குப் போனோம். இறங்கும்போது டிரைவர் சிரித்தார்.

"இன்னாம்மா, ஒரு மணிக்கு வந்துகினு கீறீங்க? பெருமாளு தூங்குவாரு!"

ஐந்து வருடமாகக் கோவில் நேரம் எழுதுகிறவள் நான். அவசரத்தில் மத்தியான நடை சாத்தல் எனக்கே மறந்துவிட்டது. நசீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் புளிசாதம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் நேரம் வந்தால் உதவியாக இருக்குமா என்று கேட்டோம்.

"எதுக்கும்மா? நாலு மணின்னு தெரிஞ்சா நாலு மணிக்குத்தான் வருவோம்," என்றார் ஒரு பெண்.

"வூட்ல இருந்தா யாரு இப்டி உக்கார வுடுவா?" என்றார் பக்கத்திலிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கூட வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கும் ஒரு கை புளிசாதம் கிடைத்தது.

ஞாயிறு மத்தியானம் மேடை. திரையில் வித்யா, "கேட்ட அனைவரும் விரும்பினர்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தாள். அதை நான்தான் தமிழில் விளக்க வேண்டும்.

"வித்யா, அவங்க அப்படிச் சொல்லலையே?"

"சும்மா சொல்லுங்கக்கா. எல்லா டீமும் இப்படித்தான் சொல்லுது. எனக்கு இது ஒண்ணுதான் வழி."

சொல்லிவிடலாம் என்றுதான் மேடை ஏறினேன். வாய் திறந்தால் புளிசாதக் கதைதான் வந்தது. பெருமாள் வாசலில் கேட்டதை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

"அப்புறம் எதுக்கு உங்களுக்கு நாங்க இடம் தரணும்?" என்றார் நடுவர்.

"அதுதாங்க எனக்கும் தெரியலை" என்றேன். கூடமே கைதட்டியது. பரிசு வேறு அணிக்குப் போனது. பிறகு ஏன் கைதட்டினார்கள்?

திரும்பும் வழியில் அதே கோவிலில் இறங்கினோம். வித்யா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நான்கு மணி ஆனது, கதவு திறக்கவில்லை. நான்கே கால். நான்கரை. முந்தின நாள் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த நிழலிலேயே மூவரும் உட்கார்ந்தோம். கடல் காற்று நன்றாக வந்தது.

"நாலுன்னு மெசேஜ் அனுப்பியிருந்தா இந்நேரம் ஊரே நம்மளத் திட்டியிருக்கும்" என்றாள் வித்யா, கதவைப் பார்த்தபடி.

"அதுக்கு இன்னொரு மெசேஜ் வுடலாம்மா. 'கொஞ்சம் குந்துங்க'ன்னு" என்றார் நசீர். அவள் சிரித்துவிட்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

4.35க்கு நடை திறந்தது. நசீர் செருப்பையும் பைகளையும் பார்த்துக்கொண்டார். உள்ளே போய்க் கையைக் கூப்பினேன். நன்றி சொல்வதா, வித்யாவின் வாய்ப்பைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பதா என்று புரியவில்லை. துளசி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: போட்டிக் கட்டணம் தவிர, ரயில், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு நூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஆனது. கோவிலுக்கு மாலை ஐந்துக்கு மேல் போனால் காத்திருக்க வேண்டாம். ஆனால் முடிந்தால் மத்தியானமே போங்கள், விரித்து உட்கார ஒரு துண்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் புளிசாதமும் எடுத்துக்கொண்டு.

திங்கட்கிழமை காலை வித்யா வழக்கம்போல ஆபீஸ் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.