ஓர்க்னிப் பிரபுவின் மெழுகு முத்திரை

"கைநாட்டு வைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ராசாக்களின்ரை ஏடு விளங்குமோ?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது ஒஸ்லோவில் வரலாறு முதுகலை படிக்கிறேன். அம்மாவோடு ஆவணக் காப்பகம் போன நாளில், ஆய்வுத் தலைப்பை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. ஓர்க்னித் தீவுகளின் பழைய மடல்களில் உள்ள கையெழுத்தை வாசிக்க முடியாவிட்டால், அவற்றை விட்டு அச்சு நூல்கள் உள்ள சுலபமான தலைப்புக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன்.

காலை 9.10. வீட்டருகே புருசெத்தில் சுரங்க ரயில் ஏறினேன். அம்மாவும் வந்தார். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டியவர். கத்தி பட்ட தழும்பு இடது பெருவிரலில் இன்னும் உண்டு.

வழியில் அவருக்கு ஓர்க்னியைப் பற்றிச் சொன்னேன். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே சில தீவுகள். மத்திய காலத்தில் யார்ல் எனப்பட்ட பிரபுக் குடும்பம் ஆண்டது. வாரிசு கடல் கடந்து வந்து நோர்வே மன்னர் முன் பணிந்தால்தான் பட்டம். யாழ்ப்பாண அரசருக்குத் திறை செலுத்திய வன்னிச் சிற்றரசர்களைப் போல. கடைசியில் ஒரு மன்னர் மகளின் சீதனத்துக்காகத் தீவுகளை ஈடு வைத்தார், மீட்கவேயில்லை.

"சீதனத்துக்குத் தீவையே ஈடு வைச்சவரோ? எங்கடை ஆக்கள் பரவாயில்லை," என்றார் அம்மா.

நகர மையத்தில் ரயில் மாறி, கடைசி நிறுத்தமான சொங்ஸ்வானில் 10 மணிக்கு இறங்கினோம். ஆவணக் காப்பகம் ஐந்து நிமிட நடை. அனுமதி இலவசம், இயந்திரத்தில் ஒரு கோப்பை கோப்பி 32 குரோனர். வரவேற்பு மேசையில் படிவத்தை நீட்டியதும் அம்மா இரண்டு கைகளையும் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவருடைய பெயரையும் நானே எழுதினேன்.

10.40. காப்பாளர், நரைத்த தலைமுடிப் பெண், ஓர்க்னியிலிருந்து வந்த மடல் ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளங்கையை விடச் சற்றே பெரிய, எழுதுவதற்காகப் பதப்படுத்திய தோல். கீழே தோல்வாரில் தொங்கும் மெழுகு முத்திரை. எழுத்துகள் எறும்பு வரிசைபோல் நெருக்கமாக இருந்தன. இருபது நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு சொல், அதிலிருந்து அடுத்தது. முதல் வரியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: "இந்த மடலைக் காண்போர், கேட்போர் அனைவருக்கும்."

"கேக்கிற ஆக்களுக்கும் எழுதினவையோ? அப்ப எனக்கும்தான்," என்றார் அம்மா. பிரபுவே எழுதியதா என்று காப்பாளரிடம் கேட்டேன்.

"பிரபு எழுதவில்லை, எழுத்தர்தான் எழுதினார்," என்று காப்பாளர் விளக்கினார். "பிரபுவின் பங்கு முத்திரை." கையுறை விரலால் அதை மெல்லத் திருப்பிக் காட்டினார். பின்புற மெழுகில் ஒரு பெருவிரல் அழுத்திய தடம், ரேகைகளோடு.

அம்மா குனிந்தார். "ஐயோ பிள்ளை, இஞ்சை பார். கைநாட்டு!"

"யாருடைய விரல்?" என்று நான் கேட்டேன்.

"பிரபுவினதா, எழுத்தரினதா என்று தெரியாது. இந்த மடல்களின் முத்திரைப் பின்புறங்களை யாரும் வரிசையாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை."

பிற்பகல் 2.15. திரும்பும் ரயிலில் அம்மா பெரியப்பாவை அழைத்தார். "ஓம் அத்தான், வாசிச்சுப் போட்டாள். அந்த ராசாக்களும் எங்கடை ஆக்கள்தான், கைநாட்டு." பெட்டியிலிருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

கைப்பேசியில் பழைய தலைப்பை அழித்து, "ஓர்க்னி மடல்களின் முத்திரைப் பின்புறங்களில் விரல் தடங்கள்" என்று எழுதி அனுப்பினேன். புருசெத்தில் கதவு திறந்தபோது அது போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு வாசிப்பறையில் எனக்கும் அம்மாவுக்குமாக இரண்டு இருக்கைகளும் பதிவு செய்துவிட்டேன்.