நூறு வருஷக் கோட்டிங்

டப்பாவுக்குள் குண்டு உருளும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஸ்டுடியோ முதலாளி ஸ்பிரே டப்பாவை ஏதோ அரிய மருந்தைக் கலக்குகிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவார். திருத்தணி மலையில் நடக்கும் கல்யாணங்களை வீடியோ எடுத்து சிடியில் பதிந்து கொடுப்பது எங்கள் தொழில். பதிவது என் வேலை. சிடியின் மேல்புறத்தில் மணமக்கள் படத்தை அச்சடிப்போம். ஈரக்கை பட்டால் மை கலைந்துவிடும். அதற்கு முதலாளி கண்டுபிடித்த வழி, காருக்கு அடிக்கும் பளபளப்புப் பூச்சை அதன்மேல் அடிப்பது. அதற்கு அவர் வைத்த பெயர், நூறு வருஷக் கோட்டிங்.

அடிப்பக்கம் மின்னுவதால் வீடியோ அங்கேதான் இருக்கிறது என்று நம்பிய மேதை அவர். உண்மையில், பதிவு இருக்கும் வெள்ளிப் படலம் சிடியின் மேல்புறத்தில், அச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. கோட்டிங் அடித்து வைத்திருந்த சிடி ஒன்றைச் சில வாரங்கள் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசியால் குத்தியதுபோலப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் கசிந்தது. ஓரத்தில் வெள்ளி உரிந்திருந்தது. காட்டினேன்.

"ஜனங்க ஒரு தபா போட்டுப் பாப்பாங்கம்மா. அப்பால பீரோல வெச்சிக்குவாங்க. நீ வேலயப் பாரு."

தன்னிடம் வந்த மனிதர்களைப் பற்றி அவருக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். கல்யாணத்தை எடுத்த கேசட்டையும் அவர் பத்திரப்படுத்துவதில்லை. அடுத்த கல்யாணத்தை அதன்மேலேயே எடுத்துவிடுவார்.

அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு நெசவாளி வந்தார். மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்தவர். அது முடிந்து ஒரு வருடத்துக்குள் மனைவி இறந்துபோனார். சிடியைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். ஓடவில்லை.

"அவ பேசறது இதுல மட்டுந்தான் சார் கீது. பொண்ண அனுப்பறப்ப என்னமோ சொல்லிகினு அழுவுறா. அத ஒரு தபா கேட்டா போதும்."

முதலாளி சிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, முகத்தில் ஒரு நிபுணனின் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார்.

"டிவி மேல வெச்சியா? சூடு ஏறிப் போச்சிபா. நம்ம கோட்டிங் இல்லன்னா இதுவும் மிஞ்சியிருக்காது."

அந்த மனிதர் தலைகுனிந்தார். மனைவியின் குரலைத் தானே கொன்றுவிட்டதாக நம்பி, சிடியை மறுபடி துண்டில் சுற்றினார். நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி இப்போது ட்ரோன் பறக்கவிடுகிறார். போன மாதம் ஒரு மண்டபத்தில் பார்த்தேன். வீடியோ என்பது ஒரு குடும்பத்தின் உயிர் என்று இரண்டு காமிராக்காரர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது. அவரை இகழ எனக்கு அலுப்பதே இல்லை. ஆனால் அப்படி இகழும்போதெல்லாம் அன்று மாலை குறுக்கே வந்து நிற்கிறது.

வேலை முடிந்து பஸ் நிலையத்துக்குப் போனேன். அம்மையார்குப்பம் பஸ்ஸுக்காக அந்த நெசவாளி நின்றிருந்தார். பக்கத்தில் போய், "சூடெல்லாம் இல்லங்க. நீங்க ஒண்ணும் பண்ணல. எங்க முதலாளி சிடி மேல அடிச்ச ஸ்பிரேதான் அரிச்சிடிச்சி" என்றேன். சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு லேசானது. நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் சிடிய குடுக்கறப்பவே உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க" என்றேன்.

பஸ் வந்தது. அவர் ஏறி, என் பக்கமிருந்த ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.