நாலாம் நம்பர் அறை

இன்னர்மோஸ் கிராமத்தில் விருந்தாளிகளுக்கு அறை விடும் வீடுகள் பதினாறு. அதில் லேனியின் வீடு தேவாலயத்துக்கு மேலே, பனிச்சறுக்குச் சரிவு முடியும் இடத்தில் இருக்கிறது. மலையிலிருந்து சறுக்கி வருகிறவர்கள் பிரேக் பிடிக்கத் தவறினால் நேராக அவள் சமையலறை ஜன்னலில் வந்து முட்ட வேண்டியதுதான். இரண்டு பேர் முட்டியும் இருக்கிறார்கள். இருவருக்கும் சூப் கொடுத்து அனுப்பினாள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மக்தலேனா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர் உண்டு. ஒருவன் பிப்ரவரி மாதம் பார்த்து வந்தான். பிப்ரவரியில் இந்த ஊரில் மூச்சு விடவே நேரம் கிடையாது, இதில் கல்யாணப் பேச்சு வேறா? இன்னொருவன் நல்லவன்தான், மே மாதம்தான் கேட்டான். ஆனால் அவன் சரிவில் வரும்போது கோழி சிறகடிப்பதுபோல் கையை ஆட்டுவான். அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது என்று தோன்றிவிட்டது. இதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அப்பா போன பிறகு வீடு அவள் கைக்கு வந்தது. மாடியில் ஐந்து அறைகள், கீழே கணப்படுப்பு வைத்த கூடம், சமையலறை, சமையலறைக்குப் பின்னால் அவளுடைய அறை. காலை ஐந்து மணிக்கு எழுவாள். ரொட்டி வாங்கி வந்து, வாசல் பனியைத் தள்ளி, முட்டை வேகவைத்து, பதினோரு பேருக்கு மேஜை போடுவாள். மதியம் ஒரு மணிக்கு ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்கீ மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் காணாமல் போய்விடுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் வீடு தீப்பற்றி எரிந்தாலும் விருந்தாளிகளே அணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் வரும் விருந்தாளி, ஊருக்குக் கிளம்பும்போது தன் வீட்டுச் செருப்பை, அதாவது வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மரத்தட்டில் விட்டுவிட்டுப் போவார். செருப்பு இருந்தால் அடுத்த வருஷம் அதே வாரம், அதே அறை. கடிதம் கிடையாது, தொலைபேசி கிடையாது. செருப்பை எடுத்துப் போய்விட்டால் உறவு முடிந்தது என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்பது பிச்சை கேட்பதற்குச் சமம் என்று இந்த ஊரில் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அதனால்தான் பாதிப்பேர் பாதிப்பேரோடு பேசுவதில்லை.

நாலாம் நம்பர் அறை ஹார்ம்ஸ் தம்பதியுடையது. வில்கோ ஹார்ம்ஸ், கேஷே ஹார்ம்ஸ். ஜெர்மனியின் வடகோடியில், கடலை அணைகட்டித் தடுத்து வைத்திருக்கும் ஊர்க்காரர்கள். அங்கே மேடு என்றால் அந்த அணைதான். வில்கோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபத்து நாலு வருஷமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இங்கே வந்து பனிச்சறுக்கு கற்றுக்கொள்கிறார். இன்னும் இரண்டு ஸ்கீயின் முனைகளையும் சேர்த்து வைத்து, ஆப்பு மாதிரி, குழந்தைகள் சரிவில்தான் இறங்குகிறார். குழந்தைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். "பாத்துப் போங்கடா, பின்னாடி கப்பல் வருது" என்று அவரே கத்துவார்.

போன பிப்ரவரியில் அவர்கள் கிளம்பிய பிறகு லேனி மாடிப்படிக்குக் கீழே கூட்டப் போனாள். தட்டில் நாலாம் இடம் காலி. இரண்டு ஜோடியும் இல்லை.

முதலில் நம்பவில்லை. குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், செருப்பு காயவைக்கும் நிலவறையில் எல்லாம் தேடினாள். பிறகு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பில் உப்பு கூடிப்போனதா? மெத்தை கெட்டியாகிவிட்டதா? வில்கோவின் சறுக்கலைப் பார்த்து ரொம்பச் சிரித்துவிட்டோமா? கோடை முழுக்க இதே யோசனை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. "இங்கே காற்று அதிகம். இருவரும் நலம்" என்று இரண்டே வரி. அவர்கள் எப்போதும் அவ்வளவுதான் எழுதுவார்கள் என்பது லேனிக்கு அப்போது நினைவில்லை. ஜனவரியில், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, நாலாம் நம்பரைப் பிராகா நகரத்திலிருந்து கேட்ட ஓர் இளம் தம்பதிக்குக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை மதியம், பிராகாக்காரர்கள் வந்து பெட்டி பிரித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் அந்தப் பழைய நீலக் கார் வந்து நின்றது. கேஷே இறங்கினார். கையில் ஒரு துணிப்பை.

"லேனி! இந்தச் செருப்பப் பாரேன். இவரோடது அடி ஓட்டையாப் போச்சுன்னு எடுத்துட்டுப் போனேன். ரெண்டு ஜோடிக்கும் தோல் வச்சுத் தச்சாச்சு. இன்னும் இருபது வருஷம் தாங்கும்."

லேனிக்குக் காதெல்லாம் சூடேறியது. ஒரு வருஷம். ஒரு வருஷம் முழுக்கத் தன்னைத்தானே தின்றது ஒரு செருப்பின் ஓட்டைக்காக.

பக்கத்து வீட்டு வேலியில் ஸென்ஸி நின்றிருந்தாள். ஸென்ஸிக்கு ஆறு அறைகள். லேனிக்கு ஐந்து என்பதை அவள் மறந்த நாளே கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எட்டு வருஷத்துக்கு முன், லேனி வீட்டுக்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த முனிச் பல் டாக்டர் அங்கே இடமில்லாமல் ஒரே ஒரு வாரம் ஸென்ஸி வீட்டில் தங்கினார். இன்றைக்கும் அவர் செருப்பு அங்கேதான் இருக்கிறது.

"ஏண்டி லேனி, நாலாம் நம்பர்ல சின்னப் பசங்க ரெண்டு பேரப் பாத்தேனே," என்றாள் ஸென்ஸி, தேன் ஒழுகும் குரலில். "இவங்கள எங்க படுக்க வைக்கப் போற? எங்க வீட்ல மூணாம் நம்பர் சும்மாதான் கெடக்கு. அனுப்பி வை, நான் பாத்துக்கறேன்."

"உன் வேலையப் பாரு. எல்லாருக்கும் எடம் இருக்கு," என்றாள் லேனி.

இடம் எங்கே இருந்தது? ஐந்து அறையும் நிறைந்திருந்தது. ஹார்ம்ஸ் தம்பதியைக் கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் கொண்டுவந்த தேயிலையைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குள் ஓடினாள். கால் மணி நேரத்தில் படுக்கையை உரித்து, புது விரிப்பு போட்டு, தன் துணிகளைச் சமையலறை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் திணித்து, தான் கணப்படுப்பு ஓரத்து பெஞ்சில் படுத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டாள்.

"மாடி இந்த வருஷம் பெயிண்ட் அடிக்கறோம். நீங்க கீழயே இருங்க, மாடி ஏற வேண்டாம், முட்டிக்கும் நல்லது," என்றாள்.

அவளுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. ஐந்து நிமிஷத்தில் கேஷே சமையலறை வாசலில் வந்து நின்றார். பின்னால் வில்கோ.

"லேனி, கதவுக்குப் பின்னாடி உன் நைட்டி தொங்குது. சுவத்துல உங்க அப்பா போட்டோ இருக்கு. இது உன் ரூம்."

லேனி உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு உரிப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். செருப்பில்லாத தட்டு, நிலவறையில் தேடியது, இரண்டு வரி அட்டை, எல்லாம்.

"அட, ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?" என்றார் வில்கோ.

"அது எப்படிக் கேக்கறது?"

கடற்கரைக்காரருக்கு அது புரியவில்லை. "சரி, தப்பு எங்க மேலதான். உன்ன பெஞ்சுல தூங்க வச்சுட்டு நாங்க மெத்தையில படுக்க முடியாது. பக்கத்து வீட்டம்மா எடம் இருக்குன்னு சொன்னது என் காதுல விழுந்துது. ராத்திரிக்கு மட்டும் அங்க போய்க்கறோம்."

லேனி தன் வாழ்க்கையில் யாரையும் கெஞ்சியதில்லை. கேட்டு வந்த அந்த இரண்டு பேரையும் கதவு வரைகூட வழியனுப்பவில்லை. இப்போது கையில் கத்தியும் கிழங்குமாக நின்று, "போகாதீங்க," என்றாள். "எனக்கு வேற யாரு இருக்கா, வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதுக்கு? நீங்க அங்க போனா நான் உங்களத் தொலைச்சிருவேன். ஒரு வருஷம் தொலைச்சுப் பாத்துட்டேன். போதும்."

வில்கோ மூக்கைத் தேய்த்துக்கொண்டார். வடக்கே அது அழுகைக்கு மிக நெருக்கமான விஷயம். கேஷே இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு கிழங்கு உரிக்க உட்கார்ந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் வாரம் நன்றாகவே போனது. பெஞ்சு கொஞ்சம் குறுகல், ஆனால் அடுப்புச் சூடு இடுப்புக்கு இதமாக இருந்தது. வியாழக்கிழமை மதியம் லேனியும் கேஷேயும் வழக்கம்போல் சேர்ந்து சறுக்கப் போனார்கள். இழுவைக் கம்பியில் இருவருமாகத் தொற்றிக்கொண்டு மேலே போகும்போது கேஷே கேட்டார்.

"உன் ஜன்னல்லேர்ந்து என்ன தெரியுதுன்னு என்னைக்காவது பாத்திருக்கியா?"

"ஸென்ஸி வீட்டு விறகு."

"நாலாம் நம்பர்லேர்ந்து?"

"மலை. அந்தக் கம்மக்கொடுமுடி உச்சியிலதான் மொதல்ல வெயில் விழும், அப்புறம் தேவாலயக் கோபுரம். எல்லாரும் சொல்வாங்களே."

"நீ பாத்தியா?"

லேனி யோசித்தாள். அந்த அறையில் முப்பத்தொரு வருஷமாகத் தூசி தட்டியிருக்கிறாள், விரிப்பு மாற்றியிருக்கிறாள், கண்ணாடி துடைத்திருக்கிறாள். ஆனால் வெயில் கொடுமுடியில் விழும் நேரத்தில் அவள் எப்போதும் கீழே முட்டை வேகவைத்துக்கொண்டிருப்பாள். "எனக்கு எங்க நேரம்?" என்று சொல்லிவிட்டு, கம்பியை விட்டு இறங்கி, கேஷே ஸ்கீயைத் திருப்புவதற்குள் பாதிச் சரிவு போய்விட்டாள். கீழே குழந்தைகள் சரிவில் வில்கோ விழுந்து கிடந்து, எழுந்திருப்பது பற்றி நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பிராகாக்காரர்கள் கிளம்பினார்கள். லேனி பறந்துபோய் நாலாம் நம்பரைக் கூட்டி, கேஷேவுக்குப் பிடித்தபடி இரண்டு தலையணை வைத்து, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, கீழே ஓடி வந்தாள்.

"ரூம் ரெடி. பெட்டியக் குடுங்க."

வில்கோ அவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "எந்த ரூம்? எங்க ரூம் இதுதான்."

"விளையாடாதீங்க வில்கோ."

"முட்டிக்கு நல்லதுன்னு நீதான சொன்ன. நான் மாடி ஏறமாட்டேன்."

லேனி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தாள். துணிகள் இல்லை. அவள் வாசலில் பிராகாக்காரர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தபோது கேஷே எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய், கூட்டும்போது லேனி திறந்தே பார்க்காத அலமாரியில் அடுக்கிவிட்டார். அப்பா போட்டோ உட்பட.

"நாலாம் நம்பர் விருந்தாளிங்களுக்கு," என்றாள் லேனி. அவள் குரல் உயர்ந்துவிட்டது.

"ஒரு வாரத்துக்கு நீதான் விருந்தாளி," என்றார் கேஷே. "காலைல ரொட்டி இவர் வாங்கிட்டு வருவார். முட்டை நான் வைக்கறேன். ஏழரை வரைக்கும் நீ கீழ எறங்கக்கூடாது. எறங்கினா நாங்க ஸென்ஸி வீட்டுக்குப் போறோம்."

ஜன்னலுக்கு வெளியே விறகு எடுக்க வந்திருந்த ஸென்ஸிக்கு இது தெளிவாகக் கேட்டது. "வாங்க வாங்க, எப்ப வேணா வாங்க!" என்று கத்தினாள். பிறகு விறகைக் கையில் அள்ளிக்கொண்டு, "ஏண்டி லேனி, போய்ப் படேண்டி. ஒரு வாரத்துல ஒண்ணும் குடி முழுகிப் போகாது," என்றாள். எட்டு வருஷத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை லேனி ஐந்து மணிக்கு வழக்கம்போல் விழித்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். நினைவு வந்து மறுபடி படுத்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆறு மணிக்கு வாசலில் பனி தள்ளும் சத்தம் கேட்டது. வில்கோ தப்பான பக்கத்தில் தள்ளுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆறே முக்காலுக்குச் சமையலறையில் கேஷே தவறான அலமாரியைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார்.

ஏழு மணி தாண்டியதும் கொடுமுடியின் நுனி ரோஜா நிறமானது. பிறகு வெளிச்சம் மெதுவாக இறங்கிப் பாறையெல்லாம் பரவி, காட்டைத் தொட்டு, கோபுர உச்சியின் தகரச் சேவலில் வந்து நின்றது. எல்லாரும் சொன்னது சரிதான். ஆனால் இவ்வளவு மெதுவாக வரும் என்று யாரும் சொல்லவில்லை. லேனி கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. அவர்கள் போகவில்லை, கீழேதான் இருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கீழே ஒரு தட்டு விழுந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. லேனி எழுந்திருக்கவில்லை.